'இன்னும் கொஞ்சம் கிட்ட' வேண்டாம்

(நலச் சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அடுத்த மாதம் நாம் ரங்கனதிட்டு போகிறோம். அதற்கு முன் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். ஐந்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கு நடுவே உள்ள சிறு சிறு திட்டுகள்தான் ரங்கனதிட்டு. பிறகு மேட்டூருக்கு வந்து சேருகிற அதே தண்ணீர். 1640-களில் மைசூர் அரசர் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுப்பியபோது உண்டானவை இந்தத் திட்டுகள். 1940-இல் சாலிம் அலி இங்கே பறவைகள் கூடு கட்டுவதைப் பார்த்துவிட்டு, மன்னரிடம் சொல்லிச் சரணாலயமாக அறிவிக்க வைத்தார். 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

படகில் ஏறியதும் எல்லோரும் முதலையைத்தான் தேடுவோம். பாறைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கடிக்க அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்க. அதைப் பார்த்து முடித்த பிறகு வெறும் பாறைகளையும் பாருங்கள். ஆற்று ஆலா கூடே கட்டாமல் கல்லின்மேலேயே முட்டையிடும். கல்லும் முட்டையும் ஒரே நிறம். படகோட்டி காட்டினால்தான் தெரியும். மேலே அணையில் திடீரென்று தண்ணீர் திறந்தால் முட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும்.

மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள், கரண்டிவாயன்கள். நாரை குஞ்சுகளுக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். சோம்பல் முறிக்கவில்லை, குடை பிடிக்கிறது.

இதை நான் கற்ற விதம் பெருமைக்குரியது அல்ல. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு போனேன். கையில் புது கேமரா. "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்கண்ணா" என்றேன். படகோட்டி தலையசைத்து மறுத்தார். நூறு ரூபாயை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு துடுப்பு கூடுதலாகப் போட்டார். நாரைகள் எழுந்து பறந்தன. நடுப்பகல் வெயிலில் குஞ்சுகள் தனியே கிடந்தன. ஒரு காகம் இறங்கியது. எதையோ கவ்விக்கொண்டு போனது. "அப்பா, போலாம்ப்பா" என்றாள் என் மகள். படம் நன்றாகத்தான் வந்தது. இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அதனால் நீங்கள் படகோட்டியிடம் 'கிட்ட போங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்பளிப்பு கொடுப்பதென்றால் கரைக்கு வந்த பிறகு கொடுங்கள். பீரோவில் பைனாகுலர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கூட்டி வாருங்கள். குழந்தைகளைப் படகின் நடுவில் உட்காரவைத்து, கை தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலை இருக்கும் ஆறு.

ஆற்றில் வெள்ளம் வந்தால் படகு விடமாட்டார்கள். அப்படி நேர்ந்தால் கரையில் நின்றே பார்ப்போம். அதற்காகப் பொருளாளரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், பஸ்ஸுக்கு ஏற்கெனவே கட்டிவிட்டார்.