அளந்து வரைவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு டார்ச் லைட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களின் வழிவந்தவர்கள் நாம். விளக்கின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "பேட்டரி, பல்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இன்றைய எல்.இ.டி. டார்ச்சுக்குள் வட்டமான சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்று இருக்கும். பல டார்ச்சுகளில் அதன் விட்டம் 17 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஐந்து காசு அளவுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லு, மின்னோட்டத்தை அளவோடு விடும் பாகம் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இந்தப் பலகையை நாமே கணினியில் வரைந்து, செய்து வாங்கலாம். அதற்குக் கிகேட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஜான் பியேர் ஷாரா என்பவர் 1992ஆம் ஆண்டு தொடங்கிய வேலை அது.

வரைவதில் முதல் பாடம் 'தடம்'. ஆசாரி கதவுக்குக் கீல் அடிக்கும் முன் என்ன செய்கிறார்? கீலை மரத்தின்மேல் வைத்துக் கோடு கிழிக்கிறார். அந்தக் கோட்டுக்குள் செதுக்கினால்தான் கீல் சரியாக உட்காரும். அதுபோல ஒவ்வொரு பாகத்தின் காலும் பலகையில் எந்த இடத்தில் பதியுமோ, அந்த இடத்தில் செம்புத் திட்டு ஒன்றை வரைய வேண்டும். திட்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாகத்தின் தடம். திட்டு காலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்; அப்போதுதான் உருகிய ஈயம் காலோடு ஏறிப் பிடிக்கும். மிகச் சிறிதானால் பிடிப்பு இராது. மிகப் பெரிதானால் பாகம் ஈயத்தில் மிதந்து கோணலாகிவிடும்.

இங்கேதான் பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். பெயரைப் பார்த்து வரையாதீர்கள். பொருளை அளந்து வரையுங்கள்! டார்ச் செய்பவர்கள் விரும்பி எடுக்கும் 'ஏ.டி.டைனி 13ஏ' என்ற சில்லைப் பாருங்கள். எட்டுக் கால், கால்களுக்கு இடையே 1.27 மி.மீ. ஆனால் அதே பெயரில் உடல் அகலம் 3.9 மி.மீ. உள்ளதும் உண்டு, 5.3 மி.மீ. உள்ளதும் உண்டு. ஒன்றுக்கு வரைந்த தடத்தில் மற்றது உட்காராது. '0603' என்ற எண்ணும் அப்படித்தான். அங்குலக் கணக்கில் அது 1.6 மி.மீ. நீளம், மெட்ரிக் கணக்கில் 0.6 மி.மீ. நீளம். எண் ஒன்றுதான், பொருள் வேறு.

இன்னொன்று. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் சில படங்கள் பாகத்தைக் கீழிருந்து பார்த்தபடி இருக்கும். பலகையையோ நாம் மேலிருந்து பார்க்கிறோம். அப்படியே பார்த்து வரைந்தால் இடம் வலமாகிவிடும், எல்.இ.டி.யின் நேர்முனையும் எதிர்முனையும் மாறிப்போகும்; விளக்கு எரியாது. படத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே கோடு போடுங்கள்.

கால்களின் இடைவெளி 1.27 என்றால் 1.3 என்று எழுதக்கூடாதா? ஒரு பக்கம் 20 கால் உள்ள சில்லில் 19 இடைவெளி. ஒவ்வொன்றிலும் 0.03 கூடினால் கடைசிக் காலுக்குள் 0.57 மி.மீ. விலகிவிடும். அந்தக் கால் திட்டைவிட்டே இறங்கிவிடக்கூடும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை ஏன் விடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு ஏது?

வரைந்து முடித்ததும் பலகை செய்ய அனுப்பிவிடாதீர்கள். அளவு மாறாமல் தாளில் அச்சிடுங்கள். பக்கத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் போட்டு, அடிக்கோலால் அளந்து பாருங்கள். கோடு சரியாக இருந்தால், உண்மையான பாகத்தைத் தாளின்மேல் வையுங்கள். ஒவ்வொரு காலும் தன் திட்டில் நிற்கிறதா? நின்றால் அனுப்பலாம். தவறைத் தாளில் கண்டால் ஒரு தாள்தான் நட்டம். பலகையில் கண்டால் பணமும் போச்சு, காத்திருந்த நாளும் போச்சு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!

"சார், படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பெற்றோர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1972ஆம் ஆண்டு பினாங்கில் இன்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. அன்றுமுதல் இந்த நாட்டில் எத்தனையோ கைகள் சில்லுகளைப் பொருத்தி வந்திருக்கின்றன. பொருத்துவதும் கௌரவமான வேலைதான். ஆனால் வேறொருவர் வரைந்த தடத்தில் பொருத்துவதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடலாமா? வரைகிற இடத்திலும் அவர்கள் உட்கார வேண்டாமா? அதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. ஒரு கணினி, ஒரு வெர்னியர் அளவி, பொறுமை. முதல் இரண்டுக்கும் பள்ளியும் பெற்றோர் சங்கமும் வழி செய்யலாம். மூன்றாவதை வீட்டில் நீங்கள்தான் பழக்க வேண்டும்.

இன்று பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களுக்கும் சொல்கிறேன்: வீட்டில் எரியாமல் கிடக்கும் டார்ச் ஒன்று இருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதை அளந்து, ஒரு தாளில் வரைந்து என்னிடம் கொண்டு வாருங்கள். நாம் சேர்ந்து சரிபார்ப்போம்.