சலவை இயந்திரமும் அதன் விலையும்



விலையுயர்ந்த சலவை இயந்திரம் அவ்விலைக்குத் தகுமா? கிணற்றடியிலே குனிந்து தோய்க்கும் பெண்களின் உழைப்பைக் குறைப்பதாயின், இயந்திரம் வீண்செலவன்று. ஆனால், மேலதிகமாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் நீரைச் சூடாக்குதல், உடுப்பை முற்றாக உலர்த்துதல் முதலிய வசதிகளுக்கே செல்கின்றது. பூநகரிப் பகுதியிலுள்ள எங்கள் ஜெயபுரத்திலோ, மாரிகாலம் நீங்கலாக, உலர்த்தும் பணியைக் கதிரவன் கூலியின்றிச் செய்கின்றான். கிணற்று நீர் கல்சியமும் மகனீசியமும் மிகுந்த வன்னீராயின், சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. சூடாக்கும் கம்பியிலே சுண்ணாம்பு படிந்து, அது விரைவிற் பழுதாகக்கூடும். தானியங்கி இயந்திரத்துக்குக் குழாய்நீரும் போதிய அழுத்தமும் வேண்டும். இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்கோ வாளியால் வார்க்கும் நீரே போதும். ஆகவே, முதலில் உங்கள் நீரை ஆராயுங்கள். பின்னர் விலையை ஆராயுங்கள். வீட்டுப் பெண்களின் சுமையைக் குறைக்கும் அளவுக்குச் செலவிடுவது முறை. அதற்கு மேற்பட்டது ஆடம்பரமே.