ஆற்றின் நடையும் தாளத்தின் நடையும்

தாளவாத்தியங்கள் மட்டும் கூடி இசைக்கும் குழுக்களுக்குப் பெங்களூரு நெடுநாளாகவே நல்ல நிலம். டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், ‘தாள தரங்கிணி’ என்ற பெயரில் தாளக்கருவிகளையும், சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலையும் கச்சேரியின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து 1983இல் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டையும் அது பதிவு செய்தது. விக்கு விநாயக்ராமிடம் கடம் பயின்ற சுகன்யா ராம்கோபால், வெவ்வேறு சுருதியுள்ள கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் ‘கட தரங்’கையும், பெண்களே வாசிக்கும் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவையும் இதே ஊரில் வளர்த்தெடுத்தார். பாட்டுக்குத் துணை நிற்கும் கடமை இல்லாத இத்தகைய குழு, மழையையோ ஆற்றையோ பொருளாகக் கொண்டு ஓர் உருப்படி அமைக்க முனைந்தால் இயற்கையிடமிருந்து எதைப் பெறலாம் என்பதே இன்றைய சொற்பொழிவின் கேள்வி. ஒலியைப் பெறுவது எளிது. ஆனால் அந்த ஒலி பிறந்து பெருகி வடியும் முறையைப் பெறுவதில்தான் இசை இருக்கிறது என்பது என் துணிபு.

சித்திரை, வைகாசி மாலைகளில் இந்த ஊரில் பெய்யும் கோடை மழையை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரைமேல் முதலில் ஒரு துளி விழுகிறது. அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பிறகு இடைவெளிகள் குறுகுகின்றன. ஏதோ ஒரு கணத்தில் தனித்தனித் துளிகளைக் காது கைவிட்டுவிட்டு ஒரே இரைச்சலாகக் கேட்கத் தொடங்குகிறது. மழை விடும்போது அந்த இரைச்சல் மெல்லக் கலைந்து மீண்டும் துளிகளாகிறது. கடத்தின் வயிற்றில் விரல்களை உருட்டினால் மழைச் சத்தம் வந்துவிடும், அவையும் கைதட்டும். ஆனால் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவுக் கருவி இன்னும் துல்லியமாகத் தரும். தனித்தனி அடிகள் திரண்டு பெருக்காகும் அந்தக் கணத்தை அமைத்துக் காட்டுவது கலைஞர்களின் வேலை. ஆலங்கட்டி மழையிலும் சில்வண்டுக் கூட்டத்திலும் இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸ் கண்டது இதைத்தான். எண்ணற்ற சிறு ஒலிகள் கூடி ஒரே உருவாகும் விதியைக் கணிதத்தால் பிடிக்க முயன்ற அவர், 1978இல் ஆறு தாளக்கலைஞர்களுக்காக ‘பிளேயாட்’ எழுதினார்.

நம் மரபுக்கு இது புதிதல்ல. தாள அமைப்பு விரிந்தோ குறுகியோ செல்லும் போக்கைச் சொல்லும் யதி என்ற கருத்தைப் பாருங்கள். ஆற்றின் பெருக்கைப் போல விரிவது ஸ்ரோதோவஹ யதி. பசுவின் வாலைப் போலக் குறுகுவது கோபுச்ச யதி. ‘தக’ என்று இரண்டு மாத்திரையில் தொடங்கி, ஒரு மாத்திரை விட்டு ‘தகிட’, ஒன்று விட்டு ‘தகதிமி’, பிறகு ‘தகதகிட’, ‘தகதிமிதக’, ‘தகதிமிதகிட’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முதல் ஏழு வரை கூட்டினால் இருபத்தேழு. நடுவே விட்ட இடைவெளிகள் ஐந்து. ஆக முப்பத்திரண்டு, சதுஸ்ர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். சொற்கட்டு ஒவ்வொன்றாக நீண்டு, கரை அகன்று, தாளச் சுற்று தொடங்கும் சமத்தில் சரியாகப் போய்ச் சேர்கிறது. நீரின் சலசலப்பு இதில் எங்குமே இல்லை. ஆனாலும் ஆறு இருக்கிறது.

இவை வெறும் பெயர்கள், உவமைக்காக வைத்தவை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரத்தில் இந்த யதிகள் லயத்தின் வேக மாற்றத்தைக் குறித்தன. இன்று பெரும்பாலும் சொற்கட்டின் நீளத்தைக் குறிக்கின்றன. ஆனால் இரண்டிலும் மாறாமல் நின்றது வளர்ச்சியின் திசை. பெயரே தெரியாதவர் காதுக்கும் அந்த விரிவு கேட்கும். பெயரை நீக்கினாலும் எஞ்சுவது எதுவோ அது அலங்காரமாக இருக்க முடியாது.

இயற்கைக்குக் கணக்குத் தெரியாதே, ஆறு முப்பத்திரண்டு எண்ணியா ஓடுகிறது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. கணக்கு இல்லாவிட்டால் ஒரு விரிவைக் கேட்பவர் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் பெருக்கும் தெரியாது. கேரளக் கோயில்களின் பஞ்சாரி மேளம் இதற்குச் சான்று. முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரங்கள். அடுத்தடுத்த காலங்களில் 48, 24, 12, கடைசியில் 6. செண்டையும் கொம்பும் குழலும் இலத்தாளமும் ஏந்தி நிற்கும் அத்தனை பேருக்கும் இந்த எண்கள் தெரியும். கூடியிருப்பவர்களில் பலர் விரலால் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஆயினும் அவர்கள் மேல் வந்து இறங்குவது வெள்ளம்தான்.

இயற்கையின் ஒலியைப் போலச் செய்வதே போதும் என்னும் எதிர்த் தரப்பில் வலுவான சான்று ஒன்றும் உண்டு; அதை மறைப்பது முறையாகாது. இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2009இல் அமைத்த ‘இனுக்‌ஷுயிட்’, ஒன்பது முதல் தொண்ணூற்றொன்பது தாளக்கலைஞர்கள் வரை திறந்தவெளியில் சிதறி நின்று வாசிப்பது. அதன் முடிவில் பறவைக் குரல்களே ஒலிக்கின்றன. போலச் செய்தலும் அங்கே கலையாகிறதல்லவா? ஆகிறது. ஆனால் மூச்சு, காற்று என்று தொடங்கிப் பேரொலியாக எழுந்து அடங்கிய பிறகே அந்தக் குரல்கள் வருகின்றன. அந்த நீண்ட வளைவு இல்லையென்றால் அவை வெறும் பறவைக் குரல்களாகவே நின்றிருக்கும்.

அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் செய்திருப்பதை இந்த நோக்கில் மறுபடி படிக்க வேண்டும். மூங்கில் துளையில் புகுந்த காற்று குழலாகிறது, அருவி முழவாகிறது, கலைமான்களின் கடுங்குரல் தூம்பாகிறது, வண்டுகள் யாழ். மந்திகள் வியந்து பார்க்க, மயில் விறலியாய் ஆடுகிறது. ஒவ்வொன்றும் எதைப் போல ஒலிக்கிறது என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. ஓயாது ஒலிப்பது எது, விட்டுவிட்டு வெடிப்பது எது, மேலே இழையாக ஓடுவது எது, கேட்பவர் யார் என்று ஒரு குழுவையே அமைத்துவிடுகிறார். தாளவாத்தியக் குழுவுக்கான உருப்படி ஒன்றின் வரைபடம் இதைவிடத் தெளிவாக நம் மொழியில் வேறெங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முன்கூட்டியே எழுதிவைத்த உருப்படி, மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் மனோதர்மத்தைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்களுக்கும் கபிலரின் காட்டில் விடை கிடைக்கிறது. அருவி நிற்காமல் ஒலிப்பதால்தான் மான் தான் விரும்பிய நேரத்தில் குரல் கொடுக்க முடிகிறது. மோர்சிங் ஒரே நடையை விடாமல் பிடித்துக்கொண்டால், கஞ்சிரா அந்தப் பரப்பின்மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். மிருதங்கம் தொப்பியின் கும்காரத்தோடு நெடுநேரம் காத்திருக்கலாம். கச்சேரியில் பக்கவாத்தியத்துக்கும் உபபக்கவாத்தியத்துக்கும் இருக்கும் படிநிலை இங்கே பொருந்தாது. கடம் நடுவில் அமரலாம்; கடைசியில் இரண்டு நிமிடம் வாய்க்கும் மோர்சிங் முழு உருப்படிக்கும் நிலமாகலாம். அப்படி எழுதப்படும் உருப்படியில், தனி ஆவர்த்தனத்தில் கருவிகள் மாறிமாறிச் சுருக்கிக்கொண்டே வாசிக்கும் குறைப்பைக்கூட எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று போட்டியாக முடுக்காமல், மழை விடும் முறையாக நீட்டி, இடைவெளிகளை அகலமாக்கிக்கொண்டே போய், சமத்துக்கு முன்பே நிறுத்திவிடலாம்.