கவனன்டின் கதையில் லீனா எங்கே?



நினைவுச் சொற்பொழிவு என்றால் வழக்கமாக நமக்குப் பிடித்த ஒரு நூலைப் பற்றிப் பேசுவோம். இந்த முறை எங்கள் வாசிப்பு வட்டம் ஓர் ஏமாற்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறது. யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிடித்த புத்தகத்தைப் பற்றி நாங்கள் நீட்டி முழக்கினால் கொட்டாவி விடுவார். சண்டை வந்தால்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நாவலின் பெயர் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்'. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் டொனால்ட்சன் எழுதியது, 1977-இல் வந்தது. 47 முறை பதிப்பாளர்களால் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு பல இலட்சம் பிரதிகள் விற்ற தொடரின் முதல் நாவல். பெரியவர்களுக்கான ஃபேண்டஸி. எங்கள் வட்டத்தில் இந்த வகைக் கதைகளைப் படிக்கிறவர்கள் குறைவு. மறைந்து வாழும் இளவரசன், இரத்தத்தில் ஓடும் மந்திர சக்தி, பிறக்கும்போதே குறிக்கப்பட்ட விதி என்று அங்கே எல்லாம் பிறப்பில் தொடங்கிப் பிறப்பில் முடியும். பிறப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடம்பு எரியும். ஆனால் ஒரு மாணவி இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இதில் நாயகனே தீண்டத்தகாதவன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்தோம். எட்டு சனிக்கிழமைகள் போயின.

நாயகன் தாமஸ் கவனன்ட் ஓர் எழுத்தாளன். தொழுநோய் வந்து வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவன். மனைவி மகனைத் தூக்கிக்கொண்டு போய் மணமுறிவு வாங்கிவிடுகிறாள். ஊருக்கு வெளியே தனியாக ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறான். ஒருநாள் தொலைபேசிக் கட்டணத்தைத் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று ஊருக்குள் நடந்து போகிறான். அலுவலகத்தில் இருக்கும் பெண், கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்கிறாள். யாரோ கட்டியிருக்கிறார்கள். அவன் ஊருக்குள் வரத் தேவையே இருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோயில் திருவிழாவுக்கு நம்மிடம் வரி வாங்காத ஊர்கள் நமக்குத் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் அது சலுகை மாதிரி இருக்கும். வரி கொடுத்தால் பங்கு கேட்பார்கள், பங்கு கேட்டால் தேர் நம் தெருவுக்கு வர வேண்டும். காசு வாங்க மறுப்பது எவ்வளவு பெரிய விலக்கு என்பதை எங்கோ அமெரிக்காவில் ஒருவர் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறாரே என்று வியந்தோம்.

எப்படி எழுத முடிந்தது? டொனால்ட்சன் தன் சிறுவயதை இந்தியாவில் கழித்தவர். அவருடைய தந்தை இங்கே தொழுநோயாளிகளிடையே பணிசெய்த மிஷனரி மருத்துவர். நாவலில் கவனன்டுக்குச் சிகிச்சை நடப்பது லூசியானா மாநிலத்தின் தொழுநோய் மருத்துவமனையில். அங்கே அவனுக்கு ஓர் ஒழுங்கு கற்றுத்தருகிறார்கள்: கை கால்களை ஓயாமல் கண்ணால் பரிசோதி, உணர்ச்சி இல்லாத இடத்தில் காயம் பட்டால் உனக்குத் தெரியாது, தெரியாவிட்டால் புண் அழுகி விரல் போய்விடும். இந்த அறிவுக்கு நம் வேலூரோடு தொடர்பு உண்டு. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்து நோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று காட்டினார். 1966-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் லூசியானாவின் கார்வில் மருத்துவமனை. கவனன்டின் உடம்பைப் பற்றிய பக்கங்களில் எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய மணமுறிவையும் அந்நியமாக நினைக்க வேண்டாம். நம் நாட்டின் சட்டங்களில் மணமுறிவுக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டது 2019-இல்தான்.

நம் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு தொழுநோய்க் கதை இருக்கிறது: 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர். ராதாவின் குரலை மிமிக்ரி செய்யாத ஆள் இங்கே இருக்க மாட்டார். அதில் மோகன் முதலில் ஆட்டம் போடுகிறான், பிறகு நோய் வருகிறது. நோய் அங்கே தண்டனை. டொனால்ட்சன் வரிசையை மாற்றிவிட்டார். நோய் முதலில் வருகிறது, காரணமில்லாமல் வருகிறது. குற்றம் பிறகு வருகிறது.

கவனன்ட் ஒரு காவல்துறைக் காரின் முன்னால் விழுந்து, வேறோர் உலகத்தில் கண்விழிக்கிறான். லீனா என்ற பதினாறு வயதுப் பெண் அவனைக் கண்டெடுக்கிறாள். அவன் கையில் விரல் குறைந்திருப்பதை அந்த நாட்டின் பழைய வீரன் ஒருவனின் அடையாளமாக நினைத்து வணங்குகிறாள். ஊரில் எந்தக் கையைப் பார்த்து ஒதுங்கினார்களோ அந்தக் கைக்கு இங்கே மரியாதை. காயம் ஆற்றும் ஒரு வகை மண்ணை எடுத்து அவன் உடம்பில் பூசுகிறாள். செத்த நரம்புகள் உயிர்பெறுகின்றன. மரத்துப்போன ஆளுக்கு உணர்ச்சி திரும்புகிறது. அன்று இரவே அவன் லீனாவைப் பலாத்காரம் செய்கிறான்.

எங்களில் இரண்டு பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் தொடர்ந்தோம். அதற்குப் பிறகு நடந்த விவாதத்தைத்தான் உங்கள் முன் வைக்க வந்தோம்.

நாயகன் கெட்டவன் என்பது எங்கள் புகார் இல்லை. ஒடுக்கப்பட்டவன் கதைக்குள் வர வேண்டுமானால் கையைக் கழுவி, குனிந்து, குற்றமே இல்லாதவனாக வர வேண்டும் என்று கேட்டவர்களோடு தலித் எழுத்து நீண்ட காலமாகச் சண்டை போட்டு வந்திருக்கிறது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989-இல் வந்தபோது என்ன சொன்னார்கள்? தலித் தலைவரை இப்படியா காட்டுவது, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்றார்கள். காத்தமுத்து விரும்பத்தக்க மனிதர் இல்லை. அடிபட்டு, நியாயம் கேட்டு வந்த தங்கத்திடம் அவரே அத்துமீறுகிறார். ஆனால் அந்த வீட்டுக்குள் கௌரி என்ற மகள் இருக்கிறாள். அவள் பார்க்கிறாள், வெறுக்கிறாள், படிக்கிறாள். காத்தமுத்துவைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதைக் காத்தமுத்து முடிவு செய்வதில்லை.

கவனன்டின் கதையில் கௌரி இல்லை. எங்கள் ஏமாற்றத்தின் பெரும்பகுதி இதுதான்.

வட்டத்தில் ஒரு தோழர் நாவலுக்காக வாதாடினார். ஆசிரியர் குற்றத்தை எங்கேயும் நியாயப்படுத்தவில்லை, அதன் விளைவுகள் மூன்று நூல்களிலும் தொடர்கின்றன, இது நேர்மைதானே என்றார். அவர் சொன்னது உண்மை. கவனன்டுக்குக் குற்றவுணர்வு ஏராளம். பக்கம் பக்கமாகத் தன்னையே வெறுக்கிறான். ஆனால் எல்லா விளைவுகளும் அவனுடைய மனச்சாட்சிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன. அவன் அடுத்து அங்கே போகும்போது அந்த உலகத்தில் நாற்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்தக் குற்றத்தில் பிறந்த மகள் எலீனா நாட்டின் உயர்ந்த பதவியில் இருக்கிறாள். அவன் தன் தந்தை என்று தெரிந்தே அவன்மேல் மையல் கொள்கிறாள். மூன்றாம் நூலில் லீனா வருகிறாள், அறுபதைக் கடந்த, புத்தி பேதலித்த கிழவியாக. தன்னை இன்னும் இளம்பெண்ணாக நினைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவனைக் காக்கப் போய்ச் சாகிறாள். அவள் கோபப்படும் ஒரு பக்கத்துக்காகக் கடைசிவரை காத்திருந்தோம். வரவில்லை.

இன்னொரு இடம்தான் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது. நடந்தது தெரிந்ததும் லீனாவை நேசிக்கும் ட்ரையாக் கத்தியோடு வருகிறான். அவனைத் தடுப்பது லீனாவின் தாய் அட்டியாரன். ஏனென்றால் அந்த மக்கள் வன்முறையற்ற வாழ்வுக்கு உறுதிமொழி எடுத்தவர்கள். அதைவிட முக்கியமாக, கவனன்ட் ஒரு செய்தியைச் சுமக்கிறான். அந்தச் செய்தி தலைநகரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் நாடே அழியும். அதனால் தாய் தன் மகளைக் கெடுத்தவனுக்கு வழிகாட்டிக்கொண்டு நடக்கிறாள். நல்லவர்கள் நிறைந்த நாடு, உயர்ந்த கொள்கை, அவசரமான பணி. லீனா ஊரில் இருக்கிறாள்.

இதைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு வேலை செய்த ஒரு பெண் தோழர், நன்றாக மேடையில் பேசக்கூடிய ஒருவரைப் பற்றி ஒரு புகார் கொண்டுவந்தார். மாநாட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. சுவரொட்டி அச்சாகிவிட்டது, அந்த ஆளின் பெயர் அதில் இருந்தது. மாநாடு முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்றோம். இப்போது வெளியே தெரிந்தால் யாருக்கு இலாபம் என்றும் கேட்டோம். அப்படிக் கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். மாநாடு நன்றாக நடந்தது. பிறகு உட்கார்ந்து பேசவில்லை. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

டொனால்ட்சனைக் குறை சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்டு என்றுதான் நினைக்கிறோம். அட்டியாரன் செய்ததை உள்ளிருந்து தெரிந்தவர்கள் நாம். அந்த நடைப்பயணத்தில் அவளுக்கு என்ன ஆகிறது என்பதை நாவல் ஓரளவு காட்டுகிறது. அவள் கசந்து போகிறாள். அந்தப் பகுதிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவள் பக்கத்தில் நடக்கும் கவனன்டின் கண் வழியாகத்தான் அந்தக் கசப்பும் நமக்கு வருகிறது.

தீண்டாமையை அனுபவித்தவனே இன்னொருத்தியின் உடம்பில் அத்துமீற முடியும் என்பதை ஒரு நாவல் எழுத வேண்டும். நம் மொழியில் இன்னும் அதிகமாக எழுத வேண்டும். டொனால்ட்சன் அதைத் தொடங்கினார் என்பதை மறுக்கவில்லை. தொடங்கிவிட்டு, அவனுடைய இழந்த விரல்களுக்குக் கொடுத்த பொறுமையில் பாதியையாவது லீனாவுக்குக் கொடுத்திருக்கலாம்.

புத்தகத்தைக் கொண்டுவந்த மாணவி இங்கேதான் இருக்கிறார். அவருடைய பிரதியில் லீனா பேசும் வரிகளுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அதிகம் இல்லை. இந்த உரையில் நாங்கள் சொன்ன சிலவற்றோடு அவருக்கு உடன்பாடு இல்லை, குறிப்பாகக் கௌரியோடு ஒப்பிட்டது. நிகழ்ச்சி நிரலில் எங்களுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்கிறோம்.