தாழ்ந்த ஒலியும் தெளிந்த சொல்லும்

(பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிக்கென்று அமைந்த இம்மேடையில் பாஸ் கிட்டார் வாசிப்பவருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது எங்களுக்கும் அவ்வையமே எழுந்தது. எனினும், தமிழ்ப் பாடலின் சொல் கேட்போர் செவியைச் சென்று சேர்வதும் சேராது போவதும் பல வேளைகளில் எங்கள் கையில் இருக்கிறது. இதனை உணர எங்களுக்குப் பல்லாண்டுகள் ஆயின. அந்த அனுபவத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறோம். எங்கள் இன்னிசைக் குழுவில் இருவர் பாஸ் கிட்டாரை மாறி மாறி வாசிக்கிறோம். வாங்கிய கருவிகளும் செய்த பிழைகளும் இருவருக்கும் பொது. ஆதலால் இவ்வுரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பாஸ் கிட்டாருக்குப் பொதுவாக நான்கு தந்திகள். வழக்கமான கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கும். அவற்றுள் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட ‘பிரிசிஷன் பாஸ்’ என்னும் கருவியே இவ்வகையில் பரவலாக விற்பனையான முதல் மின்கருவி. அதற்குமுன் ஆளுயர டபுள் பாஸையே கலைஞர்கள் சுமந்து திரிந்தனர். அதன் ஒலியோ பிற கருவிகளின் ஓசையில் அமிழ்ந்துவிடும். வீணையில் மெட்டுகள் இருப்பதைப் போலப் புதிய கருவியின் கழுத்திலும் மெட்டுகள் பதிக்கப்பட்டதால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடிந்தது. துல்லியம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அதன் பெயராயிற்று.

தாழ்ந்த ஒலி தமிழருக்குப் புதியதன்று. மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் தொப்பியில் ரவைப் பசையை அப்பி ஒலியைத் தாழ்த்துவதை நாம் அறிவோம். திரையிசையில் இளையராஜா பாஸ் கிட்டாருக்குத் தனித்த நடையும் பேச்சும் கொடுத்தார். அப்பாடல்களை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்டே நாங்கள் இக்கலையைக் கற்றோம்.

இக்கருவியின் உடல் கெட்டியான மரத்தாலானது. தந்தியை மீட்டினால் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் ஒலி அரிதாகவே கேட்கும். தந்தியின் அதிர்வைக் காந்தச்சுருள் மின்குறிப்பாக மாற்றுகிறது. அதனைப் பெருக்கும் கருவியை நாங்கள் ஆம்ப் என்று வழங்குகிறோம். ஆம்பிலிருந்து மின்னாற்றலைப் பெற்று ஒலியாக்குவது ஒலிபெருக்கிப் பெட்டி. ஆக, கையும் கருவியும் ஆம்பும் பெட்டியும் சேர்ந்தே எங்கள் குரலாகின்றன. அக்குரல் ஒலிக்கும் மண்டபத்தையும் இவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதை நாங்கள் பிற்பாடே அறிந்தோம்.

எங்கள் முதல் ஆம்ப் 15 வாட் ஆற்றல் கொண்டது. அதனுள் 8 அங்குல ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. வீட்டு அறையில் அது நிறைவாக ஒலித்தது. உண்மையில் அத்துணைச் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸ் அதிர்வைச் செவ்வனே எழுப்ப இயலாது. அது 82, 123 என்னும் மேற்சுரங்களையே எழுப்பும். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் செவியும் மூளையும் இட்டு நிரப்பிக்கொள்கின்றன. இதை அறியாத நாங்கள், அறையில் கேட்டது மேடையிலும் கேட்கும் என நம்பினோம். முதல் திருமண நிகழ்ச்சியில் டிரம்ஸ் தொடங்கியதும் எங்கள் ஒலி இருந்த இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து வாட் எண்ணிக்கையைத் துரத்தத் தொடங்கினோம். 100 வாட் ஆம்பை விற்று 200 வாட் ஆம்ப் வாங்கினோம். ஒலி இரு மடங்காகும் என எதிர்பார்த்தோம். ஆற்றல் இரு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். மேலும், மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை எளிதில் உணர்வதில்லை. இதனை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டினர். பழந்தமிழ் இசை மரபு மூவகை நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று பெயரிட்டிருப்பதைப் பின்னாளில் படித்தபோது வியந்தோம். தாழ்ந்த நிலைக்கு மெலிவு என்று பெயர். எங்கள் அனுபவத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

அப்போதோ நாங்கள் மெலிவை வலிமையால் வெல்ல முயன்றோம். ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட 300 வாட் வால்வு ஆம்பும், எட்டு 10 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியும் பெரிய மேடைகளுக்கு இலக்கணமாகக் கருதப்பட்டன. ஆம்ப் மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. பெட்டியோ 60 கிலோவுக்கு மேல். அந்த அளவிலான பழைய பெட்டி ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம். மின்தூக்கி இல்லாத மண்டபங்களில் இரண்டு மாடி ஏற்றினோம். எங்களில் ஒருவருக்கு வந்த முதுகுவலி இன்னும் போகவில்லை.

அறியாமை இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. 8 ஓம் மின்மறுப்புள்ள இரண்டு பெட்டிகளை இணையாகப் பொருத்தினால் மொத்தம் 4 ஓம் ஆகும். எங்கள் ஆம்ப் தாங்கக்கூடிய தாழ்ந்த எல்லையும் அதுவே. ஒரு விழாவில் மூன்றாவது பெட்டியையும் இணைத்தோம். மின்மறுப்பு 2.7 ஓமுக்கு இறங்கியது. ஆம்ப் அளவுக்கு மீறி மின்னோட்டத்தைத் தந்து சூடேறி, பாடலின் நடுவே அணைந்தது. பெட்டிகளைக் கூட்டுவதற்குமுன் எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என அன்று கற்றோம்.

இனி, இவ்வுரைக்குக் காரணமான நிகழ்ச்சியைக் கூறுகிறோம். ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில் வாசித்தோம். அப்பள்ளியின் தமிழாசிரியை எழுதிய பாடலை ஒரு மாணவி பாடினார். எங்கள் பெரிய பெட்டி மேடையின் மூலையில் நின்றது. அன்று மிக நன்றாக வாசித்ததாக நாங்கள் மகிழ்ந்தோம். விழா முடிந்தபின் ஆசிரியை எங்களிடம் வந்தார். “ஐயா, இசை நன்றாக இருந்தது. ஆனால் பிள்ளை பாடியது மழையா மலையா என்று பின்வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதிய எனக்கே தெரியவில்லை” என்றார். அவர் சினந்து பேசவில்லை. அதனாலேயே அச்சொற்கள் எங்களை விட்டு அகலவில்லை. ஒரு மாணவி பல வாரம் உழைத்துத் திருத்திய உச்சரிப்பை நாங்கள் ஒரே மாலையில் அழித்திருந்தோம்.

காரணத்தைத் தேடினோம். தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளை எளிதில் மறைக்கும். அதன் அளவு கூடக்கூட மறைப்பும் மேல்நோக்கிப் பரவும். ல, ள, ழ என்பவற்றை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணிய ஒலிக்கூறுகளோ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைந்தவை. அவையே முதலில் மறைந்தன. மண்டபமும் எங்களுக்கு எதிராக இருந்தது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். சுவர்களுக்கிடையே அது முட்டித் திரும்பி, சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் தேய்ந்தும் நிற்கும். மூலையில் வைத்த பெட்டி அதனை மேலும் பெருக்கும். பெட்டியின் அருகில் நிற்கும் எங்களுக்கோ தெளிவான ஒலி முழங்காலுக்குத்தான் கேட்டது. கேட்கவில்லையே என்று நாங்கள் ஒலியைக் கூட்டக்கூட, பின்வரிசையில் இரைச்சலே மிகுந்தது.

அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு வேண்டி விரும்பிச் சென்றோம். ஒத்திகையில் ஆசிரியை ஒரு சோதனை வைத்தார். பின்வரிசையில் மாணவர்களை அமர்த்தி, பாடலைக் கேட்டுச் சொல்வதெழுதுதல் செய்யச் சொன்னார். முதல் கண்ணிக்கு எங்கள் பழைய அமைப்பில் வாசித்தோம். மாணவர்களின் தாள்களில் வாழை, வாளையாகியிருந்தது, கிளி, கிலியாகியிருந்தது. பின்னர்ப் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினோம். பெரிய பெட்டிக்குப் பதிலாகச் சிறியதைச் செவியின் உயரத்துக்கு ஏற்றி வைத்தோம். அடிச்சுரத்தைக் கூட்டும் திருகைக் குறைத்தோம். எங்களில் ஒருவர் வாசிக்க, மற்றவர் மண்டபம் முழுவதும் நடந்து கேட்டார். மாணவி சொல்லை உச்சரிக்கும் இடங்களில் சுரத்தை நீட்டாமல் விரலால் தந்தியை அடக்கினோம். இரண்டாம் கண்ணி முன்பின் கேட்டிராதது. ஆயினும் தாள்களில் மழை மழையாகவே இருந்தது. ஆசிரியை தாள்களை எங்களிடம் காட்டிச் சிரித்தார். எந்த விருதும் எங்களுக்கு அத்துணை நிறைவைத் தந்ததில்லை.

இன்று எங்கள் ஆம்ப் 3 கிலோவுக்கும் குறைவானது. கருவிக்குத் தட்டையான உறையுள்ள தந்திகளைப் பூட்டுகிறோம். அவற்றின் ஒலி மென்மையானது. விரல் உரசும் ஓசையும் குறைவு. நம் நாட்டின் ஈரக் காற்றிலும் குளிரூட்டிய மண்டபத்திலும் மாறி மாறி இருப்பதால் கருவியின் கழுத்து சற்றே வளையும். அதனைச் சரிபார்த்த பின்னரே மேடை ஏறுகிறோம். மேடையில் காதடைப்பானும் அணிகிறோம். பழைய ஆர்வத்தின் விலையாக எங்களில் ஒருவரின் காதில் இரவெல்லாம் ரீங்காரம் கேட்கிறது. அது திரும்பப் பெற முடியாத இழப்பு. இசை பயிலும் மாணவர்கள் இதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளி விழாவில் ஒலியமைப்பைப் பாடுபவரின் குரலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சொல் கடைசி வரிசையில் தெளிவாகக் கேட்ட பிறகே கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். ஒரு மாணவரைப் பின்வரிசையில் அமர்த்தி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான்.

பாஸ் கிட்டாரின் பணி பாடலைத் தாங்குவது. தாங்குகின்ற தூண் வீட்டாரின் முகத்தை மறைக்கலாகாது.