பழைய மாணாக்கர் பேட்டி
(சிங்காநல்லூர் கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு தோழர் என்னை நிறுத்தி ஒரு சங்கதி கேட்டார். அவருடைய தகப்பனார் இந்த ஊரில் மில் சங்கு கேட்டு எழுந்து வேலைக்குப் போனவர். அவருடைய மகளோ இன்று அமெரிக்க தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறாள். அங்கு முன்பு படித்த ஒருவர் இவளைப் பேட்டி காணப்போவதாகத் தகவல் வந்திருக்கிறதாம். "அந்தப் பெரிய மனிதருக்கு யாரைக்கொண்டு சிபார்சு சொல்வது? எந்த நல்ல நேரத்தில் பேட்டிக்கு உட்காரச் சொல்வது?" என்று கேட்டார். வேறு விஷயம் பேச வந்த நான், இதையே பேசுவது அவசியமென்று கருதுகிறேன்.

முதலில் அந்தப் பேட்டி இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். ஹார்வர்ட், எம்.ஐ.டி. முதலிய இடங்களில் படித்து வெளியேறியவர்கள், சம்பளமில்லாமல், மனுப்போட்ட பிள்ளைகளோடு நேரிலோ காணொளியிலோ பேசி, தாங்கள் கண்டதை எழுதி அனுப்புகிறார்கள். பள்ளிக்கூட மார்க்கு, உபாத்தியாயர் கடிதம், பிள்ளை எழுதிய கட்டுரை இவைகளோடு அந்தக் குறிப்பும் ஒரு காகிதமாகச் சேரும். இடம் கொடுப்பதும் மறுப்பதும் ஆபீசில் இருப்பவர்கள் வேலை. பேட்டி காண ஆள் இல்லையென்றால் பேட்டியே நடக்காது. அதனால் மனு கெட்டுப்போகாது. கொடுக்கும் அதிகாரமே இல்லாதவரிடம் சிபார்சு எதற்கு? ராகு காலம் பார்ப்பது எதற்கு? அமெரிக்காவிலிருப்பவர் கடிகாரத்துக்கும் நம் பஞ்சாங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் தோழர்களே, "ஆளைப் பார்த்து எடுப்பது" என்னும் முறை யோக்கியமாகவே பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1920-களில் ஹார்வர்டில் யூதப் பிள்ளைகள் பரீட்சையில் தேறித் தேறி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அங்குள்ள பெரிய இடத்துக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1922-இல் மனுப் பத்திரத்திலேயே, தகப்பன் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேட்டார்கள். 1926-இல் மார்க்கு மட்டும் போதாது, "குணமும்" பார்க்க வேண்டும், படமும் ஒட்ட வேண்டும் என்றார்கள். குணத்தை முகப்படத்தில் பார்க்கும் வித்தை எப்படிப்பட்டது பார்த்தீர்களா!

இது அன்னியன் கதை என்று சிரிக்காதீர்கள். நம் நாட்டில் ஸ்ரீநகர் பிராந்திய இஞ்சினீயரிங் காலேஜில் பரீட்சைக்கு 100 மார்க்கு, பேட்டிக்கு 50 மார்க்கு வைத்திருந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிஷந்தான் பேட்டி. கேட்ட கேள்வியோ பெற்றோர் யார், ஊர் எது என்பது! "எந்த ஊரு, அய்யன் யாரு?" என்று கேட்டால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1980-இல் கோர்ட்டார், பேட்டிக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மார்க்கு வைப்பது நியாயமல்ல என்றும், பேட்டியை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னார்கள்.

நமது மாகாணத்தில் இஞ்சினீயரிங் காலேஜ்களில் சர்க்கார் ஒதுக்கும் இடங்களுக்கு 1997 முதல் ஒரே இடத்துக் கலந்தாய்வு வந்தது. 2007 முதல் அவைகளுக்கு நுழைவுப் பரீட்சையும் இல்லை. மார்க்குப் பட்டியலும் இடஒதுக்கீடுமே பேசுகின்றன. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்து மார்க்குப் போடுவதில்லை. உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய காப்பு!

அப்படியானால் நேரில் பார்க்கிறவரெல்லாம் கெட்டவரா? இல்லை. ஹார்வர்டைப் பற்றி 2018-இல் கோர்ட்டு விசாரணை நடந்தபோது ஒரு விசித்திரம் வெளிவந்தது. ஆசியப் பிள்ளைகளை நேரில் கண்டு பேசிய பழைய மாணாக்கர்கள், அவர்களுடைய குணத்திற்கு ஏறக்குறைய வெள்ளைப் பிள்ளைகளுக்குச் சமமாகவே மதிப்புப் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் நேரில் காணாத ஆபீஸ்காரர்களே குறைத்துப் போட்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாக 2019-இல் அந்தக் கோர்ட்டு ஒப்பவில்லை. இருந்தாலும் ஒன்று விளங்குகிறது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவனை மனிதனாகப் பார்ப்பது எளிது. காகிதத்தில் இருக்கும் பெயரை வகுப்பாகப் பார்ப்பதும் எளிது.

ஆகவே அந்தத் தோழருக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். பேட்டிக்கு மார்க்கு உண்டா, எவ்வளவு, என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டி எழுத்தில் கேளுங்கள். அதிகமாயிருந்தால் எதிர்த்துக் கிளர்ச்சி செய்யுங்கள். பேட்டிக்குப் போகும் பிள்ளைக்குக் கும்பிடு போடக் கற்றுக்கொடுக்காதீர்கள். படித்ததையும், படிக்க விரும்புவதையும், அறியாததை அறியேன் என்பதையும் தைரியமாகச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். தாத்தா என்ன செய்தார் என்று கேட்டால், "மில்லில் வேலை செய்தார்" என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவன் இருந்தால், யோக்கியதை இல்லாதவன் அவனேயொழிய அந்தப் பெண்ணல்ல.