டிரில்லில் இருக்கும் சின்னப் பொத்தான்

வீட்டுக்கு ஒரே ஒரு மின்கருவி வாங்கலாம் என்றால் டிரில்லிங் மெஷினைத்தான் சொல்வேன். அதன் மேல்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஒரு பக்கம் சுத்தியல் படம். மறுபக்கம் பிட், அதாவது துளைக்கும் கம்பியின் படம். பலர் அதைத் தொடுவதே இல்லை.

சுத்தியல் பக்கம் தள்ளினால் பிட் சுற்றிக்கொண்டே இடிக்கும். கான்கிரீட்டுக்கும் செங்கல் சுவருக்கும் அந்த இடி வேண்டும். மரத்துக்கு வேண்டாம். இரும்புக்கு வேண்டாம். டைல்ஸுக்கு வேண்டவே வேண்டாம்.

குளியலறையில் துண்டு போடும் கம்பி மாட்டுகிறீர்கள். இடியோடு துளைத்தால் டைல் விரிசல் விட்டுவிடும். அதே நிறத்தில் இன்னொரு டைலுக்கு எத்தனை கடை ஏறி இறங்குவது? குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டைலுக்கான பிட்டைப் போட்டு, இடியில்லாமல், மெதுவாகச் சுற்ற விடுங்கள். டைலைத் தாண்டிய பிறகு சுவருக்கான பிட்டை மாட்டி, அப்போது சுத்தியல் பக்கம் தள்ளுங்கள்.

இன்னொன்று. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ துளைக்காதீர்கள். சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். குழாய்க்கு நேரே தண்ணீர் பைப் போகும், அங்கேயும் வேண்டாம்.